ஷெர்லியின் புகைக் கொப்பி

1

போன கிழமை மெல்பேர்னில், எங்கள் நோபல் பார்க் வீட்டிலிருந்த காஸ் ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் இரண்டு பேர் வந்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலையை முடித்தார்கள். இப்போது சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியும் என் கையில் ஒரு ரிமோட்டும் இருக்கின்றன. சமையல் அடுப்பு போன வருடமே மின்சாரத்துக்கு மாறிவிட்டது. ஆகவே இந்த வீட்டில் நெருப்பு என்று சொல்ல மிச்சமிருப்பது சாமிப்படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கு ஒன்றுதான். அதையும் பட்டரி விளக்காக மாற்றினால் என்ன என்று என் மகள் அபி கேட்கிறாள். பதினான்கு வயது. நெருப்பு என்பது அவளுக்குப் பிறந்தநாள் கேக்கோடு வருகிற ஒரு சாமான்.

வந்தவர்களில் மூத்தவன் பேச்சுப்பிரியன். படிவத்தை நிரப்பிக்கொண்டே, இதற்கு முன் இருந்த வீட்டை எதைக்கொண்டு சூடாக்கினீர்கள் என்று கேட்டான். விறகும் நிலக்கரியும் என்றேன். பேனையை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தான். சிறிலங்காவில் அவ்வளவு குளிரா என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்த கரவெட்டியில் குளிர் என்றால் மார்கழி விடியற்காலையில் ஒரு போர்வை, அவ்வளவுதான். நான் சொன்னது இந்த நாட்டை, இந்த வீட்டிலிருந்து கிழக்கே இரண்டு மணித்தியாலம் கார் ஓடினால் வருகிற ஓர் ஊரை என்று விளக்கினேன். நம்பினானோ தெரியாது, தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தான்.

அவனுக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். ஊரில் மின்விசிறியைச் சுற்றவிட்டுக்கொண்டு இதை வாசிக்கிற உங்களுக்கு, வீட்டுக்குள் மனிதர் இருப்பதற்கே நெருப்பு வேண்டும் என்பது விசர்க்கதையாகத்தான் படும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

2

நான் மெல்பேர்னுக்கு மாணவனாக வந்தவன். படிப்பு முடிந்தபோது பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. பெயர்தான் குறுக்குவழி, நடந்து பார்த்தவனுக்குத்தான் அதன் நீளம் தெரியும். நகரத்துக்கு வெளியே, அரசாங்கம் குறித்துவைத்த நாட்டுப்புறப் பகுதி ஒன்றில் இரண்டு வருடம் குடியிருந்து வேலை செய்ய வேண்டும். அப்படி இருந்தோம் என்று காட்டினால் பி.ஆர். கையில். காட்டாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஓர் இடத்தில் இருப்பது வேறு, அங்கே இருந்தேன் என்று நிரூபிப்பது வேறு. இந்தச் சின்ன விசயத்தை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

கிப்ஸ்லாண்ட் பக்கம் ஒரு பால் தொழிற்சாலையில், பாலைச் சோதித்துப் பார்க்கிற வேலை கிடைத்தது. சுபாவைக் கல்யாணம் செய்து கூட்டிவந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மீசாலையில் மாமரங்களுக்கு நடுவே வளர்ந்த பெட்டை. ஊர் விளிம்பில், மாட்டுப் பண்ணைகள் தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை வீடு வாடகைக்குக் கிடைத்தது. அந்தத் தெருவுக்குக் காஸ் குழாய் வரவில்லை. குசினியில் ஒரு பெரிய இரும்பு அடுப்பு, அதிலிருந்து கூரைக்கு மேலே போகிற புகைபோக்கி. சமையல் அந்த அடுப்பின் மேல்தட்டில். குளிக்கிற தண்ணீர் சூடாவது அதன் முதுகில் ஓடுகிற குழாயில். வீடு சூடாவதும் அதனால்தான். அந்த அடுப்பு அணைந்தால் சோறு இல்லை, குளிப்பு இல்லை, இங்கே குளிர் தொடங்குகிற வைகாசி மாதத்துக்குப் பிறகு நித்திரையும் இல்லை.

எரிப்பதற்கு இரண்டு சாமான். ஒன்று விறகு. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒருவன் தன் காணியில் விழுந்த மரங்களை அறுத்து டிரெய்லரில் கொண்டுவந்து கொட்டுவான். மற்றது நிலக்கரிக் கட்டி. பக்கத்துப் பள்ளத்தாக்கில் தோண்டுகிற பழுப்புக் கரியை அழுத்தி, சவர்க்காரக் கட்டி அளவில் செய்து மூட்டையில் விற்பார்கள். விறகு கெதியில் பற்றும், கெதியில் சாம்பலாகும். கரிக்கட்டி பற்றப் பஞ்சிப்படும், பற்றிவிட்டால் மணிக்கணக்காக விடாது. இரண்டையும் கலந்து போட வேண்டும். எவ்வளவுக்கு எவ்வளவு என்பதைப் பழகி எடுக்க எங்களுக்கு ஒரு மாதம் போனது, எனக்கு இரண்டு காற்சட்டையும் பொசுங்கிப் போனது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல சீவியம். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றி, அடுப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டுக் காலை நீட்டினால் உள்ளங்காலால் ஏறி வரும் ஒரு சுகம். சுபா தோசை மாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பாள். ஆடி மாதத்தில் வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும், உள்ளே மா பொங்கி வழியும். யாழ்ப்பாணத்து வெயிலில்கூட இப்படிப் புளித்ததில்லை என்று தொலைபேசியில் தாயிடம் பெருமை அடிப்பாள். தாய் அங்கே குளிராமே என்று அழுவார். இவள் இங்கே வியர்க்கிறது என்பாள்.

3

இனி எங்கள் பிழைக்கு வருகிறேன்.

சுபாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, அவர்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் ஒரு குசினி எரிந்தது. கிடுகுக் கூரை. படுக்கப் போனவர்கள் அடுப்பில் தணலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் கட்டியிருந்த பசுக்கன்று தப்பவில்லை. அன்றைக்குப் பிறகு சுபாவின் வீட்டில் ஒரு சட்டம். படுக்கப் போகுமுன் அடுப்புக்குத் தண்ணீர் தெளித்து, கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான். எரிந்து முடியாத கொள்ளியை நனைத்தால் கரி மிஞ்சும், அது ஸ்திரிக்கைப் பெட்டிக்கு உதவும். பயமும் சிக்கனமும் சேர்ந்த வழக்கத்தை யாரால் விட முடியும்?

எனவே கிப்ஸ்லாண்ட் பலகை வீட்டிலும் சுபா அதையே செய்தாள். படுக்குமுன் அடுப்பின் இரும்புக் கதவைத் திறப்பாள். ஒரு செம்புத் தண்ணீரைச் சுழற்றி ஊற்றுவாள். உஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு கரி நனைந்த நாற்றம். வெண்புகை புகைபோக்கியால் குபுக்கென்று கிளம்பும். அடுப்பு வெடிக்காமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்தான். விடியற்காலையில் நான் எழும்பி, நனைந்த கரியையும் நனைந்த விறகையும் மறுபடி பற்றவைக்கப் படுகிற பாடு இருக்கிறதே, அதை நான் ஓர் ஆஸ்திரேலிய அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் எல்லோருமே காலையில் அரை மணித்தியாலம் இருமிக்கொண்டுதான் நெருப்பு மூட்டுகிறார்களாக்கும் என்று எண்ணினேன். புகை மஞ்சளாக, தடிப்பாக, மேலே போக மனமில்லாமல் வேலியைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குள் இறங்கும்.

4

பக்கத்து வளவு ஷெர்லியுடையது. அறுபதைத் தாண்டியவர், தனியாள். அந்த ஊர்த் தபால்கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை ஏழரைக்கெல்லாம் உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டுவிடுவார். எங்கள் புகையும் ஏழரைக்குத்தான் வேலிக்கு மேலால் போகும்.

முதல் குளிர்காலம் பாதியில் ஊர்க் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் வீட்டுப் புகைபற்றி முறைப்பாடு கிடைத்துள்ளது என்றது. யார் கொடுத்தது என்று எழுதவில்லை, ஆனால் எங்கள் புகை எட்டுகிற தூரத்தில் இருந்த ஒரே வீடு அதுதான். அடுத்த கிழமை ஓர் இளம் உத்தியோகத்தர் வந்தார், நல்ல மரியாதையானவர். முறைப்பாடு செய்தவர் புகை வருகிற நாள், நேரம், காற்றின் திசை எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும், அதுதான் நடைமுறை என்றார். எங்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்.

நான் கொதித்தேன். எங்கள் நிறம்தான் அந்த மனுசியின் கண்ணுக்குள் புகைகிறது என்று சுபாவுக்கு ஒரு மணித்தியாலம் பாடம் எடுத்தேன். சுபா அமைதியாக வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நெருப்பில்லாமல் புகையாது" என்றாள். "புகை உண்மையாத்தானே போகுது."

வடை சுட்டுக்கொண்டு போய்க் கதைத்துவிட்டு வருவோம் என்றாள். நான் விடவில்லை. எங்களை எழுதிவைக்கிற ஆளுக்கு வடை வேறேயா என்று கேட்டேன். எனக்கு அப்போது முப்பது வயது. கோபம் என்பது மானம் என்று நினைத்த வயது.

ஆனால் துண்டுப்பிரசுரத்தை வரிக்கு வரி படித்து அதன்படி நடந்தோம், சட்டத்துக்குப் பயந்த சனங்கள் அல்லவா நாங்கள். காய்ந்த விறகை மட்டும் எரிக்கச் சொன்னது, எரித்தோம். அடுப்பை முட்ட முட்ட நிரப்பாதே என்றது, நிரப்பவில்லை. பெயின்ற் பூசிய பலகையும் குப்பையும் போடாதே என்றது, அவற்றை எப்போதும் போட்டதில்லை. எல்லாம் சொன்ன அந்தத் துண்டுப்பிரசுரம், படுக்கப் போகுமுன் அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றாதே என்று மட்டும் சொல்லவில்லை. அப்படிச் செய்கிற சனம் உலகத்தில் இருக்கும் என்று எழுதியவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஆகவே புகை போனபடியே இருந்தது. நாங்கள் வேண்டுமென்றே செய்கிறோம் என்று ஷெர்லி நினைத்தார். அவர் வேண்டுமென்றே துன்புறுத்துகிறார் என்று நான் நினைத்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை இல்லை.

5

இந்த இடத்தில் அபி குறுக்கிட்டாள். நான் இதைக் கணினியில் அடித்துக்கொண்டிருக்க, பின்னால் நின்று சுபாவிடம் என்ன எழுதுகிறார் என்று கேட்டிருக்கிறாள். தமிழ் விளங்கும், வாசிக்கத்தான் வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நாலு வருடம் கொண்டுபோய் இறக்கியதில் எனக்குக் கார்ப் பயிற்சி கிடைத்தது. சுபா கதையைச் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள். அப்படியென்றால் கதையில் கெட்டவர்கள் நீங்கள்தானே என்றாள். வீட்டுக்குள் நிலக்கரி எரித்த குடும்பத்தில் பிறந்ததைப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சொல்லப்போவதில்லையாம். சொல்லட்டும், சொல்லாமல் விடட்டும். அந்தக் கரிச்சூட்டில் காய்ந்த துணியில்தான் அவளைச் சுற்றி வைத்திருந்தோம்.

கதைக்கு வருகிறேன். இரண்டாவது குளிர்காலம் முடிகிற நேரம் இரண்டு வருடமும் முடிந்தது. சுபா ஆறு மாதக் கர்ப்பிணி. பி.ஆருக்கு விண்ணப்பித்தோம். சில வாரத்தில் குடிவரவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வாழ்த்துக் கடிதமாக்கும் என்று திறந்தேன். நீங்கள் சொல்கிற முகவரியில் உண்மையில் குடியிருந்தீர்களா என்பதில் எங்களுக்குச் சந்தேகம் உள்ளது, இருபத்தெட்டு நாளுக்குள் ஆதாரம் தாருங்கள் என்று இருந்தது.

சந்தேகத்துக்கு மூன்று காரணம் எழுதியிருந்தார்கள். முதலாவது மின்சாரம். இரண்டு பேர் குளிர்காலத்தில் வாழ்ந்த வீட்டில் இவ்வளவு குறைவாக மின்சாரம் செலவாக வாய்ப்பில்லை, ஆளில்லாத வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மட்டும் ஓடினால்தான் இப்படி வரும் என்றார்கள். சமையல், குளிப்பு, சூடு எல்லாமே அடுப்பில் என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? இரண்டாவது, என் சம்பளச் சீட்டில் இருந்தது தொழிற்சாலையின் நகரத்துத் தலைமையகத்து முகவரி. மூன்றாவதுதான் பெரிய பகிடி. எங்கள் வங்கி அட்டையால் வாங்கிய சாமான் முழுக்க மெல்பேர்னின் டண்டினோங்கில் வாங்கியது. சனிக்கிழமை தவறாமல் இரண்டு மணித்தியாலம் ஓடி அரிசி, கறிவேப்பிலை, மீன், முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வருவோம். ஊரில் வாங்குகிற பாலுக்கும் பாணுக்கும் சில்லறைக் காசு கொடுப்போம். கடுதாசியில் பார்த்தால் நாங்கள் டண்டினோங் ஆட்கள், நாட்டுப்புறத்தில் ஒரு பொய்வீட்டை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறவர்கள்.

உள்ளதைச் சொன்னால், கேட்டதில் பிழை இல்லை. அப்படிச் செய்தவர்கள் எங்கள் ஆட்களிலேயே இருந்தார்கள். வாடகை ஒப்பந்தம் போதாது என்பது அதனால்தான். தொழிற்சாலை மேலாளர், நீ இங்கே வேலை செய்தாய் என்று எழுதித் தருவேன், எங்கே படுத்தாய் என்று நான் எப்படி எழுதுவது என்றார். விறகு தந்தவன் குயின்ஸ்லாந்துக்குக் குடிபோய்விட்டான், எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கரிமூட்டைக்குக் காசு கட்டிய துண்டு வாங்கிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பத்து நாள் இப்படியே ஓடியது. பி.ஆர். இல்லையென்றால் பிள்ளை பிறக்குமுன் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஊரில் என்ன இருந்தது நாங்கள் திரும்பிப்போக?

பதினோராம் நாள் சுபா சாப்பாட்டு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்.

"எங்களை ஒவ்வொரு நாளும் பாத்து எழுதின ஆள் ஒண்டு இருக்குத்தானே."

6

நான் மாட்டேன் என்றேன். அந்த மனுசியின் வாசலில் போய் நிற்பதைவிடக் கரவெட்டிக்கே போகலாம் என்றேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன் என்றும் கத்தினேன். சுபா குளிர்ச்சட்டையை எடுத்து வயிற்றுக்கு மேலே பொத்தான் பூட்டப் பார்த்தாள், பூட்ட முடியவில்லை. அப்படியே கதவைத் திறந்தாள்.

"நீங்கள் வரேல்லையெண்டா இருங்கோ. நான் போட்டு வாறன்."

கர்ப்பிணிப் பெண்சாதியைத் தனியே அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க முடியுமா? பின்னால் போனேன்.

ஷெர்லி கதவைத் திறந்தபோது முகத்தில் ஒரு தயார்நிலை இருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். சுபாவின் வயிற்றைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லி நல்ல கதிரையைக் காட்டினார். நான் கதவோரம் நின்றேன். சுபா தன் புது ஆங்கிலத்தில், கடிதத்தில் இருந்த மூன்று காரணத்தையும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். நாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை, உங்களால் முடியும் என்றாள். எங்களுக்கு எதிராக எழுதியதைத் தாருங்கள் என்று ஒருவரிடமே போய்க் கேட்பது எவ்வளவு வெட்கம் தெரியுமா? எனக்குக் காது சுட்டது.

ஷெர்லி உள்ளே போனார். நீல மட்டை போட்ட இரண்டு கொப்பிகளோடு வந்தார். கவுன்சிலுக்கு முதல் இரண்டு மாதம் அனுப்பினாராம், பிறகு அவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லையாம். ஆனால் முப்பது வருடம் தபால்கந்தோரில் வருவதையும் போவதையும் பதிந்த கை, நிறுத்த வரவில்லை என்றார். கொப்பியைத் திறந்தோம். கோடு போட்டு, திகதி, நேரம், காற்று, நிறம் என்று நான்கு நிரல். இரண்டு குளிர்காலம், ஒரு நாள் தவறவில்லை. சனிக்கிழமைகளைத் தேடினேன். காலை ஒன்பதுக்குக் கார் போனது, பகலில் புகை இல்லை, மாலை ஆறரைக்குக் கார் வந்தது, ஏழுக்குப் புகை. அடுத்த சனியும் அதே. அதற்கடுத்த சனியும் அதே. எங்கள் டண்டினோங் மீன் முழுவதற்கும் அந்தக் கொப்பியில் கணக்கு இருந்தது.

ஷெர்லி கடைசி நிரலில் விரலை வைத்தார். தனக்கு ஒரு சந்தேகம் இரண்டு வருடமாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு நாளும் படுக்கிற நேரம் பத்துக்குக் கிட்ட, திடீரென்று ஒரு வெள்ளைப் புகை வருகிறது, இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அது என்ன?

சுபா செம்பைச் சரிப்பதுபோலக் கையால் செய்துகாட்டி, தண்ணீர் என்றாள்.

ஷெர்லிக்கு விளங்கவில்லை. எங்கே ஊற்றுகிறாய் என்றார். அடுப்புக்குள் என்றாள் சுபா. எரிகிற அடுப்புக்குள்ளா என்றார். சுபா ஓம் என்று தலையாட்டினாள். ஷெர்லி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சின்னச் சிரிப்பு இல்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார். இந்த நாட்டில் காற்றுவழியைக் கொஞ்சம் மூடி, நெருப்பை உயிரோடு விட்டுவிட்டுத்தான் படுப்பார்களாம். காலையில் ஒரு விறகைப் போட்டால் போதுமாம், புகையே வராதாம். இரண்டு வருடம் தினமும் நனைந்த கரியோடு நான் பட்ட பாட்டை நினைத்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அவர் இன்னும் சிரித்தார்.

சுபா சிரிக்கவில்லை. மீசாலையில் எரிந்த குசினியைச் சொன்னாள், கன்றைச் சொன்னாள். ஷெர்லியின் சிரிப்பு நின்றது. கையை நீட்டிச் சுபாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் மாதமே வந்து இதைக் கேட்டிருக்கலாம் நான்" என்றார்.

நானும் முதல் மாதமே வடையோடு வந்திருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7

கொப்பி மட்டும் போதாது, அதோடு ஒரு சத்தியக் கடதாசி வேண்டும் என்றது குடிவரவு அலுவலகம். ஊரில் இதற்கு ஜே.பி. என்கிற சமாதான நீதவானைத் தேடி, அவர் கோயிலுக்குப் போயிருந்தால் திரும்பி வரும்வரை வாசலில் காத்து நின்று, முத்திரை குத்துவிக்க வேண்டும். இங்கே மருந்துக்கடைக்காரரே சாட்சிக் கையெழுத்து வைப்பார். தலையிடி மாத்திரை வாங்குகிற இடத்தில் சத்தியமும் பண்ணலாம் என்பது இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விசயங்களில் ஒன்று.

ஷெர்லி தன் கடதாசியைத் தட்டச்சில் அடித்துக்கொண்டு வந்திருந்தார். மருந்துக்கடையில் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். இந்த இரண்டு பேரும் இந்த இரண்டு குளிர்காலமும் எனக்குப் பக்கத்து வீட்டில் வசித்தார்கள், ஒவ்வொரு நாளும் வசித்தார்கள், அவர்கள் இந்த ஊர் ஆட்கள், இது உண்மை என்று சத்தியம் செய்கிறேன். கையெழுத்தை வைத்தார், பேனையை மூடினார். பிறகு எங்களைப் பார்க்காமல் ஒன்று சொன்னார்.

"இது கிடைத்ததும் எல்லோரும் மெல்பேர்னுக்குப் போய்விடுவார்கள். எங்கள் டாக்டர் போனார். கணக்கு வாத்தியார் போனார். நல்ல மனிதர்கள்தான்."

எங்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நோபல் பார்க்கில் ஒரு நண்பனின் மாமாவுடைய வீட்டை நான் ஏற்கெனவே பேசி வைத்திருந்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கோயிலும் சங்கமும் கடைகளும் அங்கே. பிள்ளை பிறந்தால் நாலு பேர் வந்து பார்ப்பதும் அங்கேதான். இதில் என்ன பிழை?

ஐந்தாவது கிழமை பி.ஆர். வந்தது. சுபா கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், ஒளிப்பானேன். சுபாவின் தாய்க்குச் சொன்னோம், என் தம்பிக்குச் சொன்னோம். பிறகு நான் இறாக்கையிலிருந்து பெட்டியை இறக்கி, முதலில் குசினிச் சாமானைக் கட்டுவோமா உடுப்பைக் கட்டுவோமா என்று கேட்டேன். சுபா பெட்டிக்கு மேலே கையை வைத்தாள்.

"அந்த மனுசி எங்களுக்காகச் சத்தியம் பண்ணியிருக்கு, இவை இந்த ஊர் ஆக்கள் எண்டு. கையெழுத்து வைச்ச மை காயமுன்னம் நாங்கள் வெளிக்கிட்டா, அது பொய்ச் சத்தியமெல்லோ ஆகிப்போகும்."

கோயில், சங்கம், கடை என்று நான் வைத்திருந்த காரணமெல்லாம் நியாயமானவைதான். ஆனாலும் பெட்டியை மறுபடி இறாக்கையில் ஏற்றிவிட்டு, தொலைபேசியை எடுத்து நோபல் பார்க் வீட்டுக்காரரிடம் நாங்கள் வரவில்லை என்று சொன்னேன். அபி அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். அதன்பிறகு மூன்று குளிர்காலம் அங்கேயே இருந்தோம், ஒருவருக்கும் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லாமல்.